கொழும்பில் ஒரு வீட்டுக் காணியில் மூன்று, நான்கு குடும்பங்களுக்கு வீடு கட்ட: அனுமதி எடுக்கும் முழு வழி

"வலயத்தை மாத்த வேணும், எங்க விண்ணப்பிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். கொழும்பில் தனியொரு காணிக்கு வலயம் மாற்றிக் கொடுக்கும் கருமபீடம் என்று எதுவும் இல்லை. நகர அபிவிருத்தி அதிகார சபை 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முழு நகருக்கும் ஒரு அபிவிருத்தித் திட்டம் வரைந்து வர்த்தமானியில் போடுகிறது. உங்கள் காணி அதில் ஏற்கெனவே ஒரு நிறத்துக்குள் இருக்கிறது; அந்த நிறம்தான் வலயம், அங்கே என்ன கட்டலாம் என்று சொல்வது.

நல்ல செய்தி என்னவென்றால், நகரத்தின் பெரும்பாலான குடியிருப்புப் பகுதிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடு கட்ட அந்த நிறம் தடையாக இருப்பதில்லை. தடையாக வருவது லேனின் அகலம், உறுதியில் உள்ள பெயர்கள், வீதிக் கோடு, வாகனத் தரிப்பிடம். இவற்றைச் சரியான வரிசையில் பார்த்தால் பாதிக் காசு மிஞ்சும். பலர் செய்வது தலைகீழ்: முதலில் கட்டடக் கலைஞரிடம் போய் அழகான முகப்பு வரைந்துவிட்டு, பிறகுதான் லேனை அளக்கிறார்கள்.

கீழே சொல்வது ஆறு முதல் பதினைந்து பேர்ச் வரையான காணிக்கு, நிலத்தளமும் மேலே இரண்டு அல்லது மூன்று மாடியும், மொத்தம் மூன்று நான்கு வீடுகள் என்ற அளவுக்குப் பொருந்தும். காணி கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். தெஹிவளைக்குள் போனால் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை. நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான், கருமபீடமும் படிவமும் வேறு.

1. எத்தனை வீடு, யாருக்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள்

வழக்கமான கதை இது. பெற்றோரின் பழைய வீடு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும். பிள்ளைகள் மூவர், ஒருவர் கனடாவில். "ஆளுக்கொரு மாடி" என்று தொலைபேசியில் பேசி முடித்துவிடுவார்கள். அந்த ஆளுக்கொரு மாடிக்கு ஆளுக்கொரு உறுதி வேண்டுமா, அல்லது காணி ஒரே பெயரில் இருக்க மற்றவர்கள் குடியிருந்தால் போதுமா என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

இதை முதலிலேயே தீர்மானிப்பதற்குக் காரணம் உண்டு. தனித்தனி உறுதி வேண்டுமென்றால் 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க தொடர்மாடி உரிமைச் சட்டம் வந்துவிடும். படிக்கட்டு, நடைபாதை, மொட்டைமாடி, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பொதுப்பகுதி என்று வரைபடத்தில் பிரித்துக் காட்டப்பட வேண்டும். கட்டி முடித்தபின் இதைச் செய்யப் போனால், மேல்மாடிக்குப் போகும் படி கீழ்வீட்டின் விறாந்தைக்குள்ளால் ஏறும், தண்ணீர் மீற்றர் ஒன்றுதான் இருக்கும்.

என் அபிப்பிராயம்: இப்போதைக்கு வாடகைக்குத்தான் என்றாலும், நாளைக்குப் பிரித்து விற்கக்கூடிய மாதிரியே திட்டமிடுங்கள். கட்டுகிற செலவில் பெரிய வித்தியாசம் வராது.

பழைய வீட்டை இடிக்காமல் மேலே ஏற்றுவதா, அனெக்ஸ் ஒன்று சேர்ப்பதா, முழுக்க இடித்துக் கட்டுவதா என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். பழைய அத்திவாரத்தின் மேல் இரண்டு மாடி ஏற்றலாம் என்று மேசன் பாஸ் சொல்வதை நம்ப வேண்டாம். அதைச் சொல்ல வேண்டியவர் கட்டமைப்புப் பொறியியலாளர்.

2. அளவு நாடாவோடு லேனுக்குப் போங்கள்

இந்த ஒரு படிதான் மற்றெல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எத்தனை வீட்டுக்கு எவ்வளவு அகலமான வழி வேண்டும் என்பதற்கு ஒழுங்குவிதியில் அட்டவணை இருக்கிறது. பொதுவான கணக்கு இதுதான்: நான்கு வீடு வரை 3 மீட்டர், எட்டு வீடு வரை 4.5 மீட்டர், இருபது வரை 6 மீட்டர். நம் ஆட்கள் பத்தடி, பதினைந்தடி, இருபதடி லேன் என்பார்கள். உங்களுடையது பத்தடி லேனென்றால் ஐந்தாவது வீட்டைப் பற்றிய யோசனையை இங்கேயே விட்டுவிடலாம்.

அகலத்தை உங்கள் கேற்றுக்கு முன்னால் அளந்து பயனில்லை. பொது வீதியில் தொடங்கி உங்கள் கேற் வரை நடந்து, மிக ஒடுங்கிய இடத்தில் அளக்க வேண்டும். "தம்பி, வீட்டு வாசல் வரைக்கும் வேன் வருது தானே, பிறகென்ன?" என்று கேட்பார் வீட்டுக்காரர். வேன் வரும்தான். ஆனால் லேன் தொடங்குகிற இடத்தில், மூலைவீட்டுக்காரர் எப்போதோ மதிலை முன்னுக்குத் தள்ளிக் கட்டியிருப்பார். அந்த இடத்தில் மதிலுக்கு மதில் ஒன்பதடி மட்டுமே இருக்கும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்வையிட வரும்போது நாடாவை வைப்பதும் அங்கேதான்.

அப்புறம், லேன் யாருடையது? மாநகர சபையின் வீதியென்றால் சரி. தனியார் வழியென்றால் இரண்டு விடயம் பார்க்க வேண்டும். உங்கள் உறுதியில் அந்த வழியில் போய்வரும் உரிமை, நில அளவை வரைபடத்தின் இலக்கத்தோடும் அகலத்தோடும் எழுதப்பட்டிருக்கிறதா? அதே வழியை வேறு எத்தனை வீடு பயன்படுத்துகிறது? அட்டவணையில் உள்ள எண்ணிக்கை வழியைப் பயன்படுத்தும் வீடுகளின் எண்ணிக்கை. உள்ளே ஏற்கெனவே மூன்று வீடு இருந்தால், பத்தடி வழியில் உங்களுக்கு மிஞ்சும் இடம் குறைவு.

வழி ஒடுக்கமென்றால் இரண்டே தெரிவுகள். அயலவர்களோடு பேசி எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டு, அதை வரைபடத்திலும் உறுதியிலும் பதிவது ஒன்று. வீடுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது மற்றது. முதலாவது நடந்து முடிந்து நான் பார்த்தது அபூர்வம்.

3. உறுதியும் பெயர்களும்

லேன் சரியென்று தெரிந்த பிறகு பத்திரங்களுக்கு வாருங்கள். தேவையானவை: மூல உறுதி, அதற்கு முந்திய உறுதிகள், காணிப் பதிவகத்திலிருந்து எடுத்த பதிவேட்டுப் பிரதி, உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடம்.

வரைபடத்தில் பார்க்க வேண்டியது, அந்தக் காணித்துண்டு சபையால் அங்கீகரிக்கப்பட்ட பிரிப்பா என்பதை. தகப்பனார் காலத்தில் சகோதரர்கள் தமக்குள் பேசி, சர்வேயரைக் கூப்பிட்டுப் பிரித்து, உறுதியும் எழுதியிருப்பார்கள். நொத்தாரிசுக்கு அது போதுமாக இருந்திருக்கும். சபைக்குப் போதாது. புதிய பிரிப்புக்குப் பொதுவாகக் கேட்கப்படும் குறைந்த அளவு 150 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறு பேர்ச்.

உறுதியில் உள்ள ஒவ்வொரு உரிமையாளரும் விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். இங்கேதான் கோப்புகள் மாதக்கணக்கில் கிடக்கின்றன. வெளிநாட்டில் உள்ளவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி அத்தாட்சிப்படுத்தி அனுப்ப, அதை இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிய வேண்டும். தத்துவத்தில் "காணியைப் பராமரிக்க" என்று மட்டும் எழுதியிருந்தால் உதவாது. கட்டட விண்ணப்பத்தில் ஒப்பமிடவும், கூட்டு ஆதன வரைபடத்தை (தனி உறுதிக்காகக் கட்டடத்தை வீடு வீடாகப் பிரித்துக் காட்டுவது) பதியவும், ஈடுவைக்கவும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே பயணத்தில் முடியும்.

உரிமையாளர் இறந்துவிட்டார், உறுதி இன்னும் அவர் பெயரில் என்றால் முதலில் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு, அதாவது இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்கு மாற்றும் வழக்கு. பிரிபடாத பங்குகளில் இழுபறி என்றால் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டம். அந்தப் பாதையில் போனால் கட்டடத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்துப் பூர்வீகக் குடும்பங்கள் கவனிக்க: தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட மனைவியின் பெயரில் காணி இருந்தால், அது கொழும்பில் இருந்தாலும், விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூல ஒப்புதல் தேவைப்படும். வங்கிக்கடன் எடுக்கும் நாளில் சட்டத்தரணி இதைக் கேட்பார். முன்கூட்டியே தயாராக இருங்கள்.

பழைய வாடகைக்காரர் யாராவது இருக்கிறாரா? 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவர் பின்அறையில் இருந்தால், இடிப்பதற்கு முன் அவரோடு தீர்வு வேண்டும். அரச வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த காணியென்றால் உறுதியின் நிபந்தனைப் பகுதியையும் வாசியுங்கள்.

4. மாநகர சபையில் எடுக்க வேண்டிய சான்றிதழ்கள்

ஆதன வரி பாக்கியை முதலில் கட்டி முடியுங்கள். பாக்கியோடு போனால் எந்தக் கருமபீடமும் கோப்பைத் தொடாது.

பிறகு நகர மண்டபத்தில் வீதிக் கோடு, கட்டட எல்லை (கட்டடம் தாண்டக் கூடாத கோடு), உடைமையாகாமை ஆகிய சான்றிதழ்களுக்கு விண்ணப்பியுங்கள். உடைமையாகாமைச் சான்றிதழ் சொல்வது, வரி கட்டாத காரணத்தால் இந்த ஆதனம் சபையின் கைக்குப் போய்விடவில்லை என்பதை. வங்கியும் இதைக் கேட்கும்.

முக்கியமானது வீதிக் கோடு. எதிர்காலத்தில் வீதி எவ்வளவு அகலமாக வேண்டும் என்று தீர்மானித்துப் போட்ட கோடு அது. உங்கள் மதிலுக்கு உள்ளே ஐந்தடி தள்ளிக்கூட அது ஓடலாம். கோட்டுக்கு வெளியே விழும் துண்டில் நிரந்தரமாக எதுவும் கட்ட முடியாது. உறுதியில் பத்துப் பேர்ச் என்று இருந்தாலும் நீங்கள் கட்டும் காணி அதைவிடச் சிறியது. கட்டடக் கலைஞர் முதல் கோடு கீறுமுன் இது அவர் கையில் இருக்க வேண்டும். காலி வீதி போன்ற பெரு வீதி முகப்பென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் எல்லையையும் பார்க்க வேண்டியிருக்கும்.

5. இப்போது வலயம்

கொழும்பு நகருக்கு 2019–2030 காலத்துக்கான அபிவிருத்தித் திட்டம் இருக்கிறது. அதோடு சேர்த்து வாசிக்க வேண்டியது 2021 யூலை 8 ஆம் திகதிய 2235/54 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்த திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள். வரைபடத்தில் உங்கள் காணி எந்த வலயத்தில் விழுகிறது, அந்த வலயத்தில் அனுமதிக்கப்பட்ட பாவனைகள் எவை, வலயக் காரணி எவ்வளவு என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வலயக் காரணி, காணியின் பரப்பு, வீதியின் அகலம் மூன்றும் சேர்ந்துதான் தளப்பரப்பு விகிதத்தைத் தருகின்றன. காணியைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதே அந்த விகிதம். அதனால் ஒரே வலயத்தில் இருக்கும் இரண்டு பக்கத்துக் காணிகளுக்கு வேறு வேறு விடை வரலாம். "பக்கத்து வீட்டுக்காரர் ஐந்து மாடி கட்டியிருக்கிறார்" என்ற வாதம் கருமபீடத்தில் எடுபடாது. அவருடைய காணி மூலையில் இருந்து பெரிய வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கும், அல்லது பழைய ஒழுங்குவிதியின் கீழ் பாஸ் ஆகியிருக்கும், அல்லது பாஸ் ஆகாமலே நிற்கும்.

சரி, உங்கள் திட்டம் அந்த வலயத்தில் அனுமதிக்கப்படவில்லையென்றால்? கறுவாத்தோட்டம் போன்ற, அடர்த்தியைக் குறைத்து வைத்திருக்கும் பகுதிகளில் இந்தச் சிக்கல் வரலாம். அப்போது விடயத்தைத் திட்டமிடல் குழுவின் பரிசீலனைக்குக் கொண்டுபோகலாம்: வீதி அகலம், சூழவுள்ள கட்டடங்கள், தரிப்பிடம், கழிவுநீர் ஏற்பாடு எல்லாவற்றையும் காட்டும் சிறு அறிக்கை, அதைப் பட்டய நகரத் திட்டமிடலாளர் எழுதினால் நல்லது. திட்டத்தையே திருத்தும் வழியும் உண்டு. அது அமைச்சரும் வர்த்தமானியும் சம்பந்தப்பட்ட பாதை. மூன்று வீட்டுக்காக அதில் இறங்குவது வீண் வேலை. வீடுகளைக் குறையுங்கள்.

6. ஒரு காணியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பத்துப் பேர்ச் என்பது 2,722 சதுர அடி. முகப்பு 30 அடி, நீளம் ஏறக்குறைய 90 அடி 9 அங்குலம் என்று வைப்போம். வீதிக் கோடு முன்னால் 5 அடியை எடுத்தால் மிஞ்சுவது 2,572 சதுர அடி.

குடியிருப்புக் கட்டடம் காணியில் 65 வீதத்தை மூடலாம் என்பது வழக்கமான வரம்பு. பாதுகாப்பாக, மிஞ்சிய பரப்பில் கணக்கிட்டால் ஒரு தளத்துக்கு 1,672 சதுர அடி. பின்னால் விட வேண்டிய வெறுவெளி, கட்டடத்தின் உயரம் 7 மீட்டருக்குள் என்றால் 2.3 மீட்டர், நம் பேச்சில் ஏழரை அடி. 15 மீட்டர் வரை போனால் 3 மீட்டர். நிலத்தளமும் மூன்று மாடியும் என்றால் 12, 13 மீட்டர் உயரம் வந்துவிடும். ஆகவே 3 மீட்டர் கணக்கை எடுங்கள். நிலத்தளமும் ஒரு மாடியும் என்று வரைந்து ஏழரை அடி விட்டுவிட்டு, பிறகு ஒரு மாடி கூட்டலாம் என்று நினைப்பவர்கள் இங்கே மாட்டுவார்கள்.

1,672 இல் படிக்கட்டு, லிஃப்ட் குழி, சுவர்கள், காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விடும் வெளி எல்லாம் போக, மாடிக்கு ஒரு வீடு என்றால் கையில் 1,400 சதுர அடி போல நிற்கும். மூன்று அறை வீட்டுக்குத் தாராளம்.

ஒன்று நினைவில் இருக்கட்டும்: பக்க எல்லையோடு ஒட்டிக் கட்டினால் அந்தச் சுவரில் யன்னல் வைக்க முடியாது. 30 அடி அகலத்தில் இரண்டு பக்கமும் ஒட்டிக் கட்டிவிட்டு நடு அறைக்கு எங்கிருந்து காற்று வரும் என்று யாரும் யோசிப்பதில்லை. நடுவில் ஒரு திறந்த வெளியை முதலிலேயே ஒதுக்குங்கள்.

தரிப்பிடம் இதைவிடக் கடினம். ஒரு காருக்கான இடம் 2.4 மீட்டருக்கு 4.8 மீட்டர். 30 அடி முகப்பு 9.14 மீட்டர். மூன்று கார் பக்கத்துக்குப் பக்கம் நின்றால் 7.2 மீட்டர் போய்விடும், மிஞ்சுவது 1.94 மீட்டர். அதற்குள்தான் தூண்கள், எல்லைச் சுவர், ஆட்கள் நடந்து போகும் வழி. தூண் 2.4 மீட்டருக்குள் ஒன்பது அங்குலம் நுழைந்தாலே அந்த இடம் தரிப்பிடமாகக் கணக்கெடுக்கப்படாது. ஆகவே மேல்மாடி அறைகளை ஒழுங்குபடுத்திவிட்டுத் தூணைக் கீழே இறக்காதீர்கள். கீழே கார்களை நிறுத்திவிட்டு, அந்த இடைவெளிகளில் தூணை எழுப்பி, அதற்கேற்ப மேல்மாடி அறைகளை அமையுங்கள். தேவைப்படும் எண்ணிக்கையைக் காணிக்குள் கொடுக்க முடியாவிட்டால் சேவைக் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் குடிவருபவர் காரை எங்கே விடுவார்? பத்தடி லேனில் அது தினசரிச் சண்டை.

7. பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி

இது கட்டாயமில்லாத இடத்திலும் எடுங்கள் என்பேன். முழு வரைபடமும் வரையாமல், இந்தக் காணியில் இத்தனை மாடி, இத்தனை வீடு, இவ்வளவு உயரம் கட்டலாமா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவதுதான் இது. நில அளவை வரைபடம், உறுதிப் பிரதி, அமைவிட வரைபடம், உத்தேசப் பரும்படி வரைபடம் போதும். சிறிய குடியிருப்புகளை மாநகர சபையின் திட்டமிடல் பிரிவு பார்க்கிறது. பெரிய, உயர்ந்த கட்டடங்கள் பத்தரமுல்லை செத்சிறிபாயவில் உள்ள நகர அபிவிருத்தி அதிகார சபைக்குப் போகும். வாய்மூலம் "செய்யலாம், பிரச்சினையில்லை" என்று சொன்னதை நம்பி வரைபடத்துக்குக் காசு கட்டாதீர்கள்.

பதிலில் பட்டியல் ஒன்று வரும்: எந்தெந்த நிறுவனங்களின் இசைவு வேண்டும் என்று. அதுதான் இந்தப் படியின் உண்மையான பெறுமதி. இடத்தைப் பொறுத்து அது மாறும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் காலி வீதிக்குக் கடற்பக்கம் இருப்பவர்கள் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தைக் கட்டாயம் கணக்கில் எடுங்கள். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீட்டர் வரை கரையோர வலயம். கடலே தெரியாத குறுக்குத் தெரு வீடுகளும் அதற்குள் வரும். கிருலப்பனை, வெள்ளவத்தைக் கால்வாய்களை ஒட்டிய காணியென்றால் கால்வாய் ஒதுக்கமும் தாழ்நிலமும் காரணமாகக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் இசைவு. தண்ணீருக்கு நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, கழிவுநீர்க் குழாய்க்கு மாநகர சபையின் வடிகால் பிரிவு, படிக்கட்டு அகலத்துக்கும் வெளியேறும் வழிக்கும் தீயணைப்புப் பிரிவு.

இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்காதீர்கள். பட்டியல் கிடைத்த வாரத்திலேயே எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். பூர்வாங்க அனுமதி ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். ஒரு நிறுவனத்தின் கடிதத்துக்காகக் காத்திருந்து அது காலாவதியானால் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும்.

8. வரைபடம்

இப்போதுதான் கட்டடக் கலைஞரின் முறை. பதிவுபெற்ற கட்டடக் கலைஞரும் பட்டயக் கட்டமைப்புப் பொறியியலாளரும் கையெழுத்து வைக்க வேண்டும். "பிளான் பாஸ் பண்ணித் தருவேன்" என்று மொத்தமாகப் பேசுபவரிடம் ஒரு கேள்வி போதும்: வரைபடத்தில் யாருடைய பதிவிலக்கம் வரும்? அவரை நேரில் காணமுடியாதென்றால் வேறு ஆளைப் பாருங்கள். கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழுக்கும் அதே ஆளின் ஒப்பம் தேவைப்படும்.

மண் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். கால்வாயோரக் காணிகளில் மேலே நல்ல கபில மண் தெரியும், சில அடிக்குக் கீழே கறுப்பாகச் சேற்றுக்கரி வரும். துளையிட்டுப் பார்த்தால் அத்திவாரச் செலவு இப்போதே தெரியும். பார்க்காவிட்டால் பாதியில் தெரியும்.

வரைபடத்தைக் கையில் வாங்கியதும் நீங்களே சரிபாருங்கள். வீதிக் கோடும் கட்டட எல்லையும் போட்டிருக்கிறதா, மழைநீர்ச் சேகரிப்புத் தாங்கி காட்டப்பட்டிருக்கிறதா (2009 முதல் இது ஒழுங்குவிதியில் உண்டு), ஒவ்வொரு அறையும் வெறுவெளியைப் பார்க்கிறதா, மொட்டைமாடிக்கு மேல் கூரை போட்டிருந்தால் அது இன்னொரு தளமாகக் கணக்கிடப்படுமா, உறுதியின் பரப்பும் நில அளவை வரைபடத்தின் பரப்பும் கட்டட வரைபடத்தின் பரப்பும் ஒன்றா. மூன்றும் மூன்று எண்ணைச் சொன்னால் கோப்பு அன்றைக்கே திரும்பும்.

9. விண்ணப்பமும் பார்வையிடலும்

படிவத்தோடு எல்லாப் பிரதிகளையும் ஒரே கோப்பில் கொடுங்கள். ஒவ்வொரு தாளிலும் அதே வரிமதிப்பீட்டு இலக்கம் இருக்கட்டும். பழைய மின்பட்டியலில் 14, வரிச்சீட்டில் 14/1, உறுதியில் வேறொன்று என்றால் அதற்கும் சபையிடம் ஒரு கடிதம் எடுத்து வையுங்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டும் கோப்பிலக்கமும் இல்லாமல் கருமபீடத்தை விட்டு நகராதீர்கள்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்வையிட வரும் நாளில் எல்லைக் கற்கள் நான்கும் தெரியும்படி துப்புரவாக்கி வையுங்கள். ஒரு கல் மண்ணுக்குள் புதைந்திருந்தால் சர்வேயரைக் கூப்பிட்டு முன்னரே எடுத்துவிட வேண்டும். அயலவர் வந்து "என் மதில்" என்று அந்த நேரத்தில் வாதாடத் தொடங்கினால் அறிக்கையில் எல்லைத் தகராறு என்று ஒரு வரி ஏறிவிடும். அந்த ஒரு வரி போதும்.

கேள்விகளோடு கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் வரும். கேட்ட ஒழுங்கில், கேட்டதற்கு மட்டும் எழுத்தில் பதில் கொடுங்கள். கடிதம் இல்லாமல் போய்ப் பேசுவதால் கோப்பு நகராது. யாராவது இடைத்தரகர் "உள்ளே ஆள் இருக்கு" என்று வந்தால் அவருக்குக் கொடுக்கும் காசை மண் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கட்டணம் கட்டி அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் கையில் வரும்வரை கல் ஒன்றும் வைக்கக் கூடாது. அனுமதி இல்லாமல் தொடங்கினால் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின்படி நிறுத்தச் சொல்லி அறிவித்தல் வரும். அதற்கும் அடங்காவிட்டால் அதிகார சபை நீதவான் நீதிமன்றம் வரை போய் இடிக்க உத்தரவு வாங்கலாம். அனுமதியும் ஒரு வருடத்துக்குத்தான். நீடிப்பை முடியுமுன் கேளுங்கள்.

10. கட்டும்போது

பழைய வீட்டை இடிக்கும் முதல்நாளுக்கு முன், இரண்டு பக்கத்து வீட்டு மதில்களையும் சுவர்களையும், அவர்கள் முன்னிலையில், திகதியோடு படம் எடுத்து வையுங்கள். அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பைலிங் (அத்திவாரத்துக்கு நிலத்துக்குள் தூண் இறக்குவது) தொடங்கியதும் ஏற்கெனவே இருந்த வெடிப்புகளும் உங்கள் கணக்கில் வரும். படம் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடிந்துவிடும்.

அத்திவாரக் கோடு போடும் நாளில் சர்வேயரும் இருக்க வேண்டும். கொந்தராத்துக்காரர் பழைய மதிலை எல்லையென்று வைத்து அளப்பார். மதில் எல்லையில் இருக்குமென்று யார் சொன்னது? பின்வெளி ஆறு அங்குலம் குறைந்தால், அதை மூன்று மாடி எழும்பிய பிறகு திருத்த வழியில்லை.

வரைபடத்தில் இல்லாத எதையும் இடையில் சேர்க்காதீர்கள். தரிப்பிடத்தில் ஒரு பகுதியைச் சுவர் வைத்துக் காவலாளி அறையாக்குவது, பல்கனியை மூடி அறையாக்குவது, மொட்டைமாடியில் தகரம் போட்டு இன்னொரு அறை எழுப்புவது ஆகிய மூன்றும்தான் சான்றிதழ் கிடைக்காமல் போவதற்கு வழக்கமான காரணங்கள். மாற்றம் தேவையென்றால் கட்டுமுன் திருத்திய வரைபடம் கொடுத்து அனுமதி எடுங்கள்.

11. இணக்கச் சான்றிதழ்

சி.ஓ.சி. என்று எல்லாரும் சொல்லும் இந்தச் சான்றிதழ் இல்லாமல் குடிபுகுவது சட்டப்படி சரியில்லை. நடைமுறையில் பலர் பால் காய்ச்சிக் குடியேறிவிட்டுப் பிறகு யோசிக்கிறார்கள். அந்த வீட்டை வங்கியிடம் கொண்டுபோகும் நாளிலோ, தனி உறுதி எழுதும் நாளிலோ காரியம் அங்கேயே நிற்கும்.

விண்ணப்பிக்கும்போது கட்டடக் கலைஞர், பொறியியலாளர் சான்று, சர்வேயரின் முடிவு வரைபடம், தீயணைப்பு, கழிவுநீர் இணைப்பு இசைவுகள் வேண்டும். கடைசித் தவணைக் காசைக் கொந்தராத்துக்காரருக்குக் கொடுப்பதைச் சான்றிதழ் கிடைக்கும் வரை நிறுத்தி வையுங்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது நல்லது. தரிப்பிடக் கோடு கீறாமல் விட்டது, மழைநீர்க் குழாய் பொருத்தாதது போன்ற சின்னச் சின்னக் குறைகளுக்காகத் திரும்பவும் ஆட்களைக் கூப்பிட அதைவிட வழி கிடையாது.

12. வீட்டுக்கு வீடு பிரிப்பது

வாடகைக்கு மட்டுமென்றால் இங்கே இரண்டு வேலைதான்: ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மின், தண்ணீர் மீற்றர், சபையில் தனித்தனி வரிமதிப்பீட்டு இலக்கம்.

தனி உறுதி வேண்டுமென்றால் நில அளவையாளர் கூட்டு ஆதன வரைபடம் வரைவார்: ஒவ்வொரு வீடும் ஒரு அலகு, மிச்சம் பொதுப்பகுதி. தரிப்பிடத்தை எந்த அலகோடு சேர்ப்பது என்பதில் சகோதரர்கள் முரண்படுவது இங்கேதான். வரைபடம் போகுமுன் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மொட்டைமாடியை மேல்வீட்டுக்காரருக்கு மட்டும் எழுதிக் கொடுப்பதாகத் தொலைபேசியில் சொன்ன வாக்குக்கும் இங்கே எழுத்துருவம் வேண்டும். வரைபடத்துக்குத் திட்டமிடல் அதிகாரத்தின் அங்கீகாரமும் கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகார சபையின் சான்றும் எடுத்து, நொத்தாரிசு மூலம் காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகுதான் ஆளுக்கொரு உறுதி எழுதலாம்.

பதிந்ததும் உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று உருவாகும். மூன்றே வீடு, எல்லாரும் சொந்தக்காரர் என்று அதைப் பெயருக்கு விட்டுவிடாதீர்கள். அதன் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திறந்து, தண்ணீர்ப் பம்ப், பொது விளக்கு, லிஃப்ட் பராமரிப்புக்கு மாதாமாதம் எவ்வளவு என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானித்துக் குறிப்புப் புத்தகத்தில் பதியுங்கள். லண்டனில் இருப்பவரின் வீடு பூட்டிக் கிடந்தாலும் அவருடைய பங்கும் உண்டு என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.